4 மதிப்பெண் வாங்கிய விடையும் மேட்டூர் நீர்மட்டமும்

‘வெளியுறவுக் கொள்கையை வகுப்பதில் மக்கள் கருத்துக்கும் நாட்டின் பிம்பத்துக்கும் உள்ள பங்கை ஆராய்க.’ குடிமைப் பணி முதன்மைத் தேர்வுக்காக எழுதிய மாதிரித் தேர்வில் வந்த 15 மதிப்பெண் கேள்வி இது. எனக்குக் கிடைத்தது 4. திருத்தியவர் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: ‘மேடைப் பேச்சு. விடை எங்கே?’

திருத்துறைப்பூண்டிப் பக்கம், வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஒரு கடைமடைக் கிராமம் எங்களுடையது. இலங்கையில் மீனவர் கைது, கச்சத்தீவு, அதை இலங்கைக்கு விட்டுக்கொடுத்த 1974 ஒப்பந்தம் எல்லாம் டீக்கடையிலேயே பாடமாகிவிடும். அந்தத் தெம்பில்தான் மூன்று பக்கத்துக்குக் கோபத்தைக் கொட்டியிருந்தேன். டெல்டாப் பிள்ளைகள் பலர் வழுக்குவது இந்த இடத்தில்தான். பிறந்ததிலிருந்து காதில் விழுந்த விஷயம் என்பதாலேயே அதை ஆராயத் தோன்றுவதில்லை.

அப்புறம் திருவாரூர் நூலகத்தில் உட்கார்ந்து, இலங்கை விவகாரத்தைத் தேதி வாரியாக நோட்டில் எழுதிப் பார்த்தேன். 2012, 2013 இரண்டு ஆண்டும் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை மன்றத்தில், போர்க்கால மனித உரிமை மீறல்கள் தொடர்பாக இலங்கை மீது வந்த தீர்மானத்தை இந்தியா ஆதரித்து வாக்களித்தது. தனி ஒரு நாட்டைக் குறிவைக்கும் தீர்மானங்கள் டெல்லிக்குப் பொதுவாகப் பிடிக்காது. அந்தத் தயக்கத்தை மீற வைத்ததில் தமிழகத்தின் கொதிப்புக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தக் கொதிப்பு டெல்லிக்குள் நுழைந்த வாசல், கூட்டணிக் கணக்கு. 2013 மார்ச்சில் தி.மு.க. மத்தியக் கூட்டணியை விட்டே வெளியேறியது. அதே ஆண்டு நவம்பரில் கொழும்பு காமன்வெல்த் மாநாட்டுக்குப் பிரதமர் மன்மோகன் சிங் போகவில்லை. வெளியுறவு அமைச்சர் சல்மான் குர்ஷித் போனார். இந்த அரைகுறை விலகலை விடையில் கட்டாயம் எழுதுங்கள். மக்கள் கருத்து எதுவரை இழுத்தது, எங்கே நின்றது என்பது இந்த ஒரு செய்தியிலேயே தெரிந்துவிடும்.

2014 மார்ச்சில் சர்வதேச விசாரணை கோரும் தீர்மானம் வந்தபோது இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. தமிழகத்தின் மனம் மாறிவிட்டதா? இல்லை. தீர்மானத்தின் வாசகம் கடுமையாகியிருந்தது. டெல்லி இறையாண்மையைக் காரணம் காட்டியது. கூட்டணிக்குள் இருந்து அழுத்துவதற்கும் அப்போது ஆள் இல்லை என்பது என் கணிப்பு. கருத்து அதேதான், வாசல் மட்டும் சாத்தியிருந்தது. என் முதல் விடையில் இந்த ஒரு வரிகூட இல்லை.

இரண்டாவது உதாரணம் வீட்டில் கிடைத்தது. 2011 செப்டம்பரில் பிரதமருடன் டாக்கா செல்ல மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி மறுத்துவிட்டதையும், வங்கதேசத்துடனான தீஸ்தா நதிநீர்ப் பங்கீட்டு ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் போனதையும் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். வானொலியில் மேட்டூர் நீர்மட்டத்துக்காகக் காத்திருந்த அப்பா திரும்பிப் பார்த்து, “அப்படியானால் வங்கதேசத்துக்காரரும் நம்மைப் போலக் கடைமடைக்காரர்தானா?” என்றார்.

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பார்களா என்று வானத்தையும் கர்நாடகத்தையும் மாறி மாறிப் பார்க்கும் நாங்கள், தீஸ்தாவில் மேல்மடைக்காரர்கள். 1976-இல், கங்கையின் குறுக்கே இந்தியா கட்டிய ஃபராக்கா அணையை எதிர்த்து வங்கதேசத் தலைவர் மௌலானா பாஷானி ஏன் பெரும் நடைபயணம் போனார் என்பதைக் கடைமடையில் பிறந்தவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரியண்ணன் என்று நம்மைப் பற்றி அங்கே படிந்திருக்கும் பிம்பத்தில் இந்தத் தண்ணீர்க் கணக்கும் உண்டு. 1996-இல் 30 ஆண்டுகளுக்கான கங்கை நீர் ஒப்பந்தம் சாத்தியமானதற்கு மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசுவின் ஒத்துழைப்பு முக்கியக் காரணம். கையெழுத்திட்ட பிரதமர் யார் தெரியுமா? காவிரி வழக்கில் கர்நாடகத்தின் குரலாக ஒலிக்கும் தேவகௌடா! அப்பா அதைக் கேட்டு வெகுநேரம் சிரித்தார்.

கோட்பாட்டுக்கு ஒரு பத்தி போதும். மென் ஆற்றலுக்கு, அதாவது மிரட்டாமல் ஈர்ப்பால் பிறரை இணங்க வைப்பதற்கு, அமெரிக்க அரசியல் அறிஞர் ஜோசப் நை; உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் ஒரே சமயத்தில் நடக்கும் பேரத்துக்கு 1988-இல் இன்னொரு அமெரிக்க அறிஞர் ராபர்ட் புட்னம் எழுதிய கட்டுரை. யோகா, தாஜ்மகால் என்று பட்டியல் போட்டுப் பக்கத்தை நிரப்பாதீர்கள்; எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள்.

பிம்பத்துக்கு நான் எடுத்துக்கொண்டது 2004 சுனாமி. எனக்கு அப்போது எட்டு வயது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். நிவாரணமாக வந்த பழைய துணிகள் சாலையோரம் மலைபோல் கிடந்து மழையில் நனைந்தது நினைவிருக்கிறது. அந்த நாட்களில்தான் இந்தியா வெளிநாட்டு அரசுகளின் உதவி வேண்டாம் என்றது. இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் கடற்படைக் கப்பல்களில் நிவாரணம் அனுப்பியது. கை நீட்டும் நாடல்ல, கொடுக்கும் நாடு என்று காட்டியாக வேண்டியிருந்தது. அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியாவுடன் அப்போது அமைந்த நிவாரணக் கூட்டிலிருந்துதான் இதே நான்கு நாடுகளின் பின்னாளைய ‘குவாட்’ அமைப்பு முளைத்தது என்பார்கள்.

தேர்வில் எழுதும்போது துணிக் குவியலை விட்டுவிடுங்கள், கப்பல்களை எழுதுங்கள். கூடவே, மறுகட்டமைப்புக்காகப் பின்னர் உலக வங்கியிடம் கடன் வாங்கியதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். அடுத்த மாதிரித் தேர்வில் எனக்கு 9 கிடைத்தது அந்த வரியோடுதான்.