தோட்டத்திலிருந்து மாடி வாளிக்குள் பந்து: மூன்று ஞாயிற்றுக்கிழமை

அக்கா பையன் லீவுக்கு வேலூர் சத்துவாச்சாரிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது கையோடு ஒரு உண்டிகோலும் வந்தது, குறி எல்லாம் பக்கத்து வீட்டு மாங்காய் மேல். அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, அழாதே, இதைவிடப் பெரிசா ஒண்ணு செஞ்சு தரேன் என்று வாயைக் கொடுத்தேன். கதை அங்கேதான் ஆரம்பம். தோட்டத்தில் ஒரு எறிபொறி, மாடிப்படி அறையின் கூரை ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி, கீழிருந்து விடுகிற பந்து மேலே வாளிக்குள் விழ வேண்டும்.

பொறி பெரிய வித்தை இல்லை. நீளவாக்கில் பிளந்த பிவிசி பைப், இரண்டு பக்கமும் பழைய சைக்கிள் டியூப், பந்தைப் பிடிக்க ஒரு தோல் துண்டு (ஆம்பூரில் சொந்தக்காரர்கள் இருந்தால் தோல் துண்டுக்குப் பஞ்சமே கிடையாது). ஒரு பாகைமானியில் நூல் கட்டி, நுனியில் நட்டு தொங்கவிட்டுச் சாய்வு பார்த்தேன். மேலிருந்து நூல் விட்டு அளந்ததில் வாளியின் வாய், பொறியின் வாயைவிட 6 மீட்டர் உயரம். தரையோடு அளந்தால் தூரம் 8 மீட்டர். ஆக நேர்கோட்டில் 10 மீட்டர், கணக்குக்கு இதைவிட வசதி யாருக்குக் கிடைக்கும்!

முதல் ஞாயிறு பூராவும் வீண். பள்ளியில் மனப்பாடம் செய்த 45 டிகிரியை வைத்துக்கொண்டு அடித்தேன், பந்து வாளிக்கு நேராக ஏறும்போதே மூச்சு வாங்கிச் சுவரில் மோதித் திரும்பியது. 45 என்பது சமதரைக்குச் சொன்னது. குறி மேலே இருந்தால் வேறு: குறி இருக்கிற திசை ஒன்று, தூக்குநூல் காட்டும் செங்குத்து ஒன்று, இரண்டுக்கும் நட்டநடுவில் பொறியைச் சாய்த்தால் அதுதான் குறைந்த வேகத்தில் குறியைத் தொடும் கோணம். எனக்குக் குறி சுமார் 37 டிகிரியில் இருந்தது, அதற்கும் 90க்கும் நடு 63.4. வேகத்துக்கும் ஒரு எளிய வழி உண்டு, உயரத்தையும் நேர்கோட்டுத் தூரத்தையும் கூட்டி 9.8ஆல் (புவியீர்ப்பு முடுக்கம்) பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் போதும்: 16 பெருக்கல் 9.8, அதன் வர்க்கமூலம் விநாடிக்கு 12.5 மீட்டர்.

இதே பந்தை மாடியிலிருந்து கீழே பொறிக்குத் திருப்பி எறிய எவ்வளவு வேண்டும் என்று போட்டுப் பார்த்தேன். கூட்டுவதற்குப் பதில் கழிக்க வேண்டும், 10இலிருந்து 6 போக 4, விடை 6.26. சரியாகப் பாதி! மராத்தியர்கள் 1678இல் வேலூர்க் கோட்டையைப் பிடித்த கதையில் மலைமேல் கோட்டைகள் ஏன் வருகின்றன என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இரண்டாம் ஞாயிறு 63 டிகிரியில் வைத்தேன். பந்து வாளியைத் தொட்டது, ஆனால் உள்ளே போகவில்லை. இருபதில் மூன்றுதான் தங்கியது, மீதி விளிம்பில் பட்டு டமார் டமார் என்று தெறித்தது. "இன்னா மாமா, வாளிய ஒடச்சிட்டு தான் வுடுவியா?" என்று மேலிருந்து குரல். ராத்திரி உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. இந்தச் சிக்கனமான கோணத்தில் பந்து வாளியைவிட 40 செ.மீ.தான் மேலே போகிறது, பிறகு 27 டிகிரியில் கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டு வருகிறது. 30 செ.மீ. வாய் உள்ள வாளி அந்தச் சாய்வில் 13 செ.மீ. பிளவாகத்தான் தெரியும், பந்தே ஏழு செ.மீ. கிட்ட இருக்கிறது, உள்ளே போனாலும் எதிர்ச் சுவரில் அடித்து வெளியே குதிக்கும்.

மூன்றாம் ஞாயிறு 72 டிகிரி. வேகம் 13.3 ஆக வேண்டும், முக்கால் மீட்டர்தான் கூட, ரப்பரை 50 செ.மீ. இழுத்த இடத்தில் 53. ஆனால் பந்து இப்போது 58 டிகிரியில் தலைகீழாக இறங்குகிறது, வாளி 25 செ.மீ. வாயைக் காட்டுகிறது. இலவசமாக எதுவும் வருமா? 63இல் சாய்வு ஒரு டிகிரி தவறினாலும் வாளிக்கு நேரே உயரம் 2 செ.மீ.தான் மாறும், 72இல் அதே ஒரு டிகிரி 45 செ.மீ. தூக்கிவிடுகிறது. அதனால் கையால் இழுத்து விடுவதை நிறுத்தி, பழைய கதவுத் தாழ்ப்பாளை விசையாக வைத்தேன், பொறியின் காலையும் இரண்டு செங்கல் வைத்து அசையாமல் இறுக்கினேன்.

மேலே சொன்னதெல்லாம் காற்று இல்லாத கணக்கு. டென்னிஸ் பந்து இந்த வேகத்தில் கிளம்பும்போது காற்று அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பிடித்து இழுக்கிறது, ஆகவே 53 போதவில்லை, 58 வரை இழுத்தேன். (முதலில் பிளாஸ்டிக் பந்தில் முயன்றதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.) ஒரு சின்ன நன்மை, காற்றுத் தடையால் இறங்கும் பக்கம் இன்னும் செங்குத்தாகிறது. வாளிக்குள் பழைய கோணிப்பை ஒன்றையும் போட்டேன், குதிப்பது நின்றது.

சாயங்காலம் மாடித் தரையில் கால் வைக்க முடிகிற நேரம் வந்த பிறகு இருபது விட்டதில் பதினொன்று உள்ளே. பன்னிரண்டாவது போயிருக்கும், டியூப் அறுந்துவிட்டது. புது டியூப் வாங்க வேண்டும், அம்மா வாளியைத் திருப்பிக் கேட்கிறார்.