வைரஸ்களை எண்ணியவர்: ரெனாட்டோ டுல்பெக்கோ குறித்த நாட்குறிப்பு

பிப்ரவரி 19

வைரஸ் ஆய்வாளர் ரெனாட்டோ டுல்பெக்கோ 2012-இல் இதே நாளில் கலிபோர்னியாவின் லா ஹோயாவில் காலமானார். இன்னும் மூன்று நாள் இருந்திருந்தால் 98 வயது நிறைந்திருக்கும். தென் இத்தாலியின் கத்தன்சாரோவில் பிறந்து, வடக்கே இம்பீரியாவில் வளர்ந்து, 16 வயதிலேயே டூரின் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தவர். அங்கே உடற்கூறியல் பேராசிரியர் ஜுசெப்பே லெவியின் ஆய்வகத்தில் பயின்ற சால்வடோர் லூரியா 1969-இலும், டுல்பெக்கோ 1975-இலும், ரீட்டா லெவி மொந்தால்சினி 1986-இலும் நோபல் பரிசு பெற்றார்கள். ஒரே ஆசிரியரிடம் இப்படி மூவர் வாய்ப்பது அரிது. போரில் ராணுவ மருத்துவராக ரஷ்ய முனைக்கு அனுப்பப்பட்டு, 1942-இல் காயமடைந்து திரும்பிய டுல்பெக்கோ, பின்னர் பாசிசத்தை எதிர்த்த மறைமுகப் படையினருக்கு மருத்துவம் பார்த்தார். 1947-இல் லூரியாவின் அழைப்பை ஏற்று அமெரிக்கா சென்றார்.

பிப்ரவரி 20

இன்று ஆய்வகத்தில் பிளேக் பரிசோதனைத் (வைரஸ்களை எண்ணும் முறை) தட்டுகளை எண்ண வேண்டியிருந்தது. தட்டின் அடியில் ஒட்டி வளர்ந்த செல்களின் மேல், பலமுறை நீர்த்துக் குறைத்த வைரஸ் கரைசலை ஊற்றி, சற்று நேரம் கழித்து ஜெல்லி போன்ற அகார் படலத்தால் மூடிவிடுகிறோம். படலம் தடுப்பதால் வைரஸ் தட்டெங்கும் பரவ முடியாமல் பக்கத்துச் செல்களை மட்டுமே கொல்கிறது. நியூட்ரல் ரெட் சாயத்தை உயிருள்ள செல்கள் உறிஞ்சிச் சிவக்க, அவற்றின் நடுவே செல் மாண்ட இடங்கள் வெளிறிய வட்டங்களாகத் தெரிகின்றன. வட்டம் ஒவ்வொன்றும் ஒரு வைரஸ் துகளிலிருந்து கிளம்பியது.

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களுக்கு முன்பே இருந்த இந்த உத்தியை, கால்டெக்கில் (கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) பணியாற்றியபோது டுல்பெக்கோ 1952-இல் விலங்கு வைரஸ்களுக்கும் கொண்டுவந்தார். அதற்கு முன் எலிகளுக்கோ கோழிக் கருவுக்கோ ஊசி போட்டு, எத்தனை மாண்டன என்று பார்த்து உத்தேசமாகக் கணக்கிட்டார்கள். அவருடைய பெரிய சாதனை எது என்று என்னைக் கேட்டால், நோபல் குறிப்பிடும் புற்றுநோய் வைரஸ் வேலையை விட இதைத்தான் சொல்வேன்.

பிப்ரவரி 22

அவருடைய பிறந்த நாள். புற்றுநோய் ஆய்வுக்கு அவர் தேர்ந்தெடுத்தது எலிகளில் கட்டியை உண்டாக்கும் பாலியோமா வைரஸ். எலிச் செல்களில் அது பெருகி அவற்றைக் கொன்றுவிடும். வெள்ளெலிச் (ஹாம்ஸ்டர்) செல்களிலோ பெரும்பாலும் பெருகாமல், சிலவற்றை மட்டும் கட்டுக்கடங்காமல் வளரும் செல்களாக மாற்றிவிடும். மாறிய செல்லில் தேடினால் வைரஸ் கிடைக்காது. அது எங்கே போயிற்று என்ற கேள்விக்கு, லா ஹோயாவின் ஸால்க் ஆய்வு நிறுவனத்தில் அவருடைய குழு 1968-இல், நெருங்கிய உறவான எஸ்வி40 வைரஸை வைத்து விடை கண்டது: வைரஸின் டிஎன்ஏ செல்லின் டிஎன்ஏவோடு பிணைந்து, செல் பிரியும்போதெல்லாம் தானும் படியெடுக்கப்படுகிறது. 1975 நோபலை அவரோடு பகிர்ந்த ஹோவர்ட் டெமின் அவருடைய ஆய்வகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். டேவிட் பால்டிமோரும் சில ஆண்டுகள் அவருக்கருகில் ஸால்க்கில் இருந்தவர்.

பிப்ரவரி 23

மார்கெரிட் வோக்ட் பற்றிப் படித்தேன். பெர்லினில் பிறந்த இவர்தான் 1950-களின் தொடக்கத்தில் டுல்பெக்கோவோடு போலியோ வைரஸுக்கு பிளேக் முறையை அமைத்தவர். 1960-இல் பாலியோமா செல் மாற்றத்தை விவரித்த கட்டுரையிலும் இருவர் பெயரும் உண்டு. ஆபத்தான வைரஸைக் கையாண்டு நாள் முழுக்கத் தட்டுகளோடு உட்கார்ந்திருந்தவருக்குப் பெரிய பரிசு எதுவும் வரவில்லை. நாங்கள் தினமும் திறக்கும் செல் வளர்க்கும் ஊட்டக் கரைசல் புட்டியிலும் டுல்பெக்கோவின் பெயர் இருக்கிறது, வோக்டின் பெயர் இல்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பிப்ரவரி 25

இத்தாலியில் அவரைச் சாதாரண மக்களும் அறிந்திருந்தார்கள்; 1999-இல் சான்ரெமோ இசை விழாவின் மேடையில் தொகுப்பாளர்களுள் ஒருவராக நின்றார். அறிவியலாளர்களிடையே அதைவிடப் பரபரப்பூட்டியது 1986-இல் ‘சயின்ஸ்’ இதழில் அவர் எழுதிய கட்டுரை. புற்றுநோய்க்குக் காரணமான மரபணுக்களை ஒவ்வொன்றாகத் துழாவிக்கொண்டிருப்பதை விட, மனித மரபணுத் தொகுதி முழுவதையும் வரிசைப்படுத்திவிடுவதே மேல் என்று வாதிட்டார். பலர் அதை வீண் செலவு என்றார்கள். இத்தாலியில் அவரே தலைமையேற்ற திட்டம் பணமில்லாமல் பாதியில் நின்றது. பன்னாட்டுத் திட்டம் 2003-இல் முடிவடைந்தபோது அவருக்கு வயது 89.