பழைய அமெரிக்க கார்: ஸ்பேர் வாங்கும் முன் எண்ணைப் படியுங்கள்

ஃபோர்டு மஸ்டாங் காருக்கு "1965 மஸ்டாங், 289 வி8" (289 கன அங்குல, எட்டு சிலிண்டர் இன்ஜின்) என்று மட்டும் சொல்லி வாட்டர் பம்ப் கேட்டால் ஏதோ ஒன்று கிடைத்துவிடும். அது உங்கள் இன்ஜினில் உட்காருமா என்பது வேறு விஷயம். 1965 வரை அந்த இன்ஜினில் வந்தது அலுமினியப் பம்ப், 1966இலிருந்து வார்ப்பிரும்புப் பம்ப். 1969 வரை கீழ் ஹோஸ் நுழையும் வாய் வலப்பக்கம் இருந்தது, 1970இல் இடப்பக்கம் போய்விட்டது. பம்ப் மாறினால் டைமிங் கவரும் மாறும். கவர் மாறினால் டைமிங் முள்ளின் இடமும், அதோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டிய ஹார்மோனிக் பேலன்சரும் (கிராங்க் முனையில் அதிர்வைக் குறைக்கும் சக்கரம்) மாறும். கிராங்க் புல்லியைப் பிடிப்பது மூன்று போல்ட்டா நான்கு போல்ட்டா என்பதுகூட 1970ஐ ஒட்டித்தான் மாறுகிறது. அறுபது வருடம் ஓடிய காரில் இவற்றில் எதை யார் எப்போது மாற்றினார்கள் என்பது ஆர்.சி. புத்தகத்தில் இருக்காது, இரும்பிலேயே எழுதியிருக்கும். அதனால் ஆர்டர் போடும் முன் ஒரு டார்ச், ஒரு கம்பி பிரஷ், ஒரு கேன் டீகிரீசர் எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போங்கள்.

ஃபோர்டு எண்களைப் படிப்பது கஷ்டமில்லை. ஒரு பிளாக்கில் சி5ஏஇ-6015-இ என்று வார்த்திருக்கிறது என்று வையுங்கள். முதல் எழுத்து பத்தாண்டைச் சொல்லும்: பி ஐம்பதுகள், சி அறுபதுகள், டி (D) எழுபதுகள். அடுத்த இலக்கம் வருடம். மூன்றாவது எழுத்து எந்தக் காருக்காக முதலில் வடிவமைத்தார்கள் என்பது: ஏ என்றால் பெரிய ஃபோர்டு, டி (D) ஃபால்கன், ஓ ஃபேர்லேன், இசட் மஸ்டாங். நான்காவது எழுத்து இ என்றால் இன்ஜின் பிரிவு. நடுவில் உள்ள 6015 என்பது பிளாக். 6049 சிலிண்டர் ஹெட், 9510 கார்புரேட்டர், 12127 டிஸ்ட்ரிபியூட்டர். இந்த நடு எண் மாறவே மாறாது, அதை மனப்பாடம் செய்துகொண்டால் தேடல் பாதி முடிந்த மாதிரி.

இங்கே நிறைய பேர் தடுமாறுகிறார்கள். "ஏ" என்று பார்த்ததும் "இது மஸ்டாங் இன்ஜினே இல்லை" என்று முடிவு கட்டுகிறார்கள். அப்படி இல்லை. அந்த எண் வடிவமைப்பின் பிறப்பைத்தான் சொல்கிறது, பெரிய காருக்கு வரைந்த பிளாக்கையே மஸ்டாங்கிலும் போட்டார்கள். அதேபோல "சி5" என்று இருப்பதால் அது 1965இல் வார்த்தது என்று அர்த்தமும் இல்லை. வார்த்த நாள் தனியாக, சின்னதாக இருக்கும்: 6ஜி12 என்றால் 1966 ஜூலை 12. மாத எழுத்துகளில் ஐ கிடையாது, எச் ஆகஸ்ட், ஜே செப்டம்பர். வார்த்த தேதி கார் கட்டிய தேதிக்குச் சில வாரங்களோ ஓரிரு மாதங்களோ முன்னால் இருக்க வேண்டும். பின்னால் இருந்தால் இன்ஜின் மாறியிருக்கிறது, சந்தேகமே வேண்டாம். கார் கட்டிய தேதிக்கு ஓட்டுநர் கதவில் உள்ள தகட்டை மட்டும் நம்பாதீர்கள். கதவை யாரும் மாற்றலாம். இடது முன் ஏப்ரனில் (இன்ஜின் அறையின் பக்கத் தகடு) அடித்திருக்கும் வின் எண்ணோடு (காரின் அடையாள எண்) ஒத்துப்பாருங்கள். அதில் ஐந்தாவது எழுத்து இன்ஜினைச் சொல்லும்: டி (T) என்றால் 200 ஆறு சிலிண்டர், சி 289 இரண்டு பேரல் கார்புரேட்டர், ஏ நான்கு பேரல், கே உயர்திறன் 289. வின்னில் டி (T) இருந்து பானட்டுக்குள் வி8 இருந்தால், உடனே வீல் நட்டுகளை எண்ணுங்கள். ஆறு சிலிண்டர் மஸ்டாங்கில் நான்கு, வி8இல் ஐந்து. இன்னமும் நான்கு இருந்தால் இன்ஜினை மட்டும் ஏற்றிவிட்டு பிரேக்கையும் பின் ஆக்சிலையும் அப்படியே விட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட காரில் மற்ற எதற்கும் பணம் செலவழிக்கும் முன் அதைச் சரிசெய்ய வேண்டும்.

எண் படிக்காததால் வரும் மிக மோசமான தவறு பேலன்ஸ். பழைய 289, 302 இரண்டும் 28 அவுன்ஸ்-அங்குல வெளிச் சமநிலையில் (பேலன்சரிலும் ஃப்ளைவீலிலும் வைத்த எடையால் கிராங்க்கைச் சமன் செய்வது) ஓடுபவை. எண்பதுகளின் தொடக்கத்தில் 302 (அதுதான் 5.0) 50 அவுன்ஸ்-அங்குலத்துக்கு மாறியது. பேலன்சர், ஃப்ளைவீல் அல்லது ஃப்ளெக்ஸ்பிளேட் இரண்டும் கிராங்க்கோடு ஒரே கணக்கில் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டாலும் போல்ட் எல்லாம் அழகாக மாட்டும், இன்ஜின் ஸ்டார்ட்டும் ஆகும், ஆனால் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதிர்வு ஏறும், மெயின் பேரிங் சீக்கிரம் போய்விடும். இன்னொன்று: 5.0 எச்.ஓ. (உயர்திறன் 5.0) கேம்ஷாஃப்ட்டைப் பழைய இன்ஜினில் போட்டிருந்தால் ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் பற்றும் வரிசை) 1-5-4-2-6-3-7-8 அல்ல, 1-3-7-2-6-5-4-8. இன்டேக் மேனிஃபோல்டில் வார்த்திருக்கும் வரிசையை நம்பி ஒயர் போட்டால் கார்புரேட்டர் வழியே வெடிக்கும்.

ஜி.எம். (ஜெனரல் மோட்டார்ஸ்: ஷெவர்லே, போன்டியாக்) கார்களில் வார்ப்பு எண் அவ்வளவு உதவாது. 3970010 என்ற ஷெவர்லே 350 பிளாக் 1969இல் தொடங்கி எழுபதுகள் முழுக்க வந்தது. தேதியிலும் வருடத்துக்கு ஒரே இலக்கம்தான்: சி 14 7 என்றால் மார்ச் 14, ஆனால் 1967ஆ 1977ஆ என்பதை வார்ப்பு எண்ணை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். உண்மையைச் சொல்வது வலது ஹெட்டுக்கு முன்னால் உள்ள சமதளத்தில் அடித்த எழுத்துகள். பிளாக்கை லேத்துக்கு அனுப்பினால், டெக் (ஹெட் உட்காரும் மேல்தளம்) சீவும்போது அந்தத் தளத்தைத் தொடக்கூடாது என்று எழுத்தில் கொடுங்கள். ஒருமுறை சீவிவிட்டால் காரின் அடையாளமே போச்சு. ஷெவர்லேக்குத் தொழிற்சாலைப் பதிவுகள் பெரும்பாலும் கிடைப்பதில்லை. 1967 முதலான ஃபோர்டுகளுக்கு அந்தப் பதிவுகளிலிருந்து எடுத்துத் தரும் மார்ட்டி ரிப்போர்ட் உண்டு, போன்டியாக்குக்கு அதே வேலையைச் செய்யும் பி.எச்.எஸ். உண்டு. கிரைஸ்லர் கார் என்றால் சீட் ஸ்பிரிங்குகளுக்குள் கையை விட்டுப் பாருங்கள், பில்ட் ஷீட் (காரில் என்னென்ன போட வேண்டும் என்று தொழிற்சாலையில் எழுதிய தாள்) பல நேரம் அங்கேயே செருகி இருக்கும். அதே கிரைஸ்லரில் 1970 வரை இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை. தெரியாமல் இம்பாக்ட் கன் பிடித்தால் ஸ்டட் முறிவது உறுதி.

டிரம் பிரேக்கைப் பிரிப்பவர்கள் ஒரு நேரத்தில் ஒரு சக்கரத்தை மட்டும் பிரியுங்கள், மற்றது பார்த்துப் பூட்ட இருக்கட்டும். பெட்டியில் வரும் நான்கு ஷூக்களில் இரண்டுக்கு லைனிங் குட்டை, இரண்டுக்கு நீளம். ஒவ்வொரு சக்கரத்திலும் குட்டையானது முன்பக்கம், நீளமானது பின்பக்கம். சுழலும் டிரம் முன் ஷூவை இழுத்து, அது கீழே உள்ள அட்ஜஸ்டர் வழியாகப் பின் ஷூவைத் தள்ளுகிறது. அதனால் பெரும்பகுதி வேலை பின் ஷூவுக்கு. ஒரு சக்கரத்தில் இரண்டு நீளம், இன்னொன்றில் இரண்டு குட்டை என்று மாட்டிவிட்டால் பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும். அட்ஜஸ்டரில் உள்ள நட்சத்திரச் சக்கரமும் இடம், வலம் என்று எதிரெதிர் மரை. இடம் மாற்றிப் போட்டால் பின்னால் எடுத்துப் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் இறுகுவதற்குப் பதில் தளரும், பெடல் நாளுக்கு நாள் கீழே இறங்கும். 1966 வரையிலான கார்களில் பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறைதான், ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. ஒரிஜினல் தோற்றத்தை மதிக்கிறேன், ஆனால் ரோட்டில் ஓடப்போகும் காருக்கு இரட்டை அறை போட்டுத்தான் ஆக வேண்டும். முன்னால் டிஸ்க் போட்டால் டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டர் ஆகாது. அதன் ரெசிடுவல் வால்வு லைனில் அழுத்தத்தைத் தேக்கி வைத்து டிஸ்க்கை உரசவிட்டுச் சூடாக்கும்.

என்.ஓ.எஸ். (அந்தக் காலத்திலேயே செய்து, விற்காமல் கிடந்த புதிய பாகம்) என்ற மூன்று எழுத்துக்கு மயங்க வேண்டாம். தகரம், கிரில், குரோம் பட்டை, லென்ஸ் இவையெல்லாம் என்.ஓ.எஸ்.ஸில் கிடைத்தால் விடாதீர்கள், ரீபுரொடக்ஷன் (இப்போது நகலாகச் செய்வது) அந்தப் பொருத்தத்துக்கு வராது. ஆனால் ரப்பர் பெட்டிக்குள் இருந்தாலும் கிழடாகும். ஐம்பது வருடப் பிரேக் ஹோஸை, அட்டைப்பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும், மாட்டவே கூடாது. எரிபொருள் ஹோஸும் அப்படித்தான், இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்றுவிடும். கதவு ரப்பரில் ரீபுரொடக்ஷன் பல நேரம் தடிமனாக வரும், கதவு அறைந்தால்தான் சாத்தும். அதற்காகக் கீலை வளைக்காதீர்கள், வேறு தயாரிப்பாளரின் ரப்பரை வாங்கிப் பாருங்கள்.

தகரம் தேடுபவர்களுக்கு அரிசோனா பக்கத்துக் காயலான் கடைகள் நல்லது, துரு இருக்காது. ஆனால் டேஷ்போர்டும் சீட்டும் வெயிலில் வெந்துபோயிருக்கும். குளிர்காலத்தில் உப்பு தூவும் மிச்சிகன், ஒஹாயோ பக்கத்தில் தளம் ஓட்டையாக இருக்கும், உட்புறம் நன்றாக இருக்கும். பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் அக்டோபர் மாதச் சந்தைக்குப் போனால் பழைய பாகத்தையே பையில் எடுத்துப் போங்கள், பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்கலாம். எந்த வருடப் பாகம் எந்தக் காருக்கு ஒத்துவரும் என்பதற்கு ஹாலண்டர் இன்டர்சேஞ்ச் புத்தகத்தின் பழைய பதிப்பு ஒன்று கையில் இருப்பது பெரிய பலம். புதிய ஃபெண்டரோ குவார்ட்டர் பேனலோ வந்ததும் பெயிண்ட் அடிக்கும் முன், கார் தன் சக்கரங்களில் நிற்கும்போது, எல்லாவற்றையும் கிளாம்ப் போட்டு மாட்டி இடைவெளி பாருங்கள். ராக்கர் பேனலை (கதவுக்குக் கீழே உள்ள பாடிப் பட்டை) வெட்டும் முன் கதவுச் சட்டத்துக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வெல்டு செய்துகொள்ளுங்கள், கன்வெர்ட்டிபிளில் இது கட்டாயம். இல்லாவிட்டால் பாடி நடுவில் தொய்ந்துவிடும், பிறகு கதவு ஜென்மத்துக்கும் சேராது.

கடைசியாக, கோர் டெபாசிட். ரீபில்ட் செய்த கார்புரேட்டர், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் வாங்கினால் பழையதைத் திருப்பிக் கொடுத்தால் டெபாசிட் பணம் வரும் என்பார்கள். அந்தப் பணத்தை விட்டுவிடுங்கள். உங்கள் காரோடு பிறந்த தேதி எண் அந்தப் பழையதில்தான் இருக்கிறது, திரும்பி வருவது வேறு எதோ காரின் உடம்பாக இருக்கும். பழையதையே பழுது பார்க்கக் கொடுங்கள். ஜி.எம். கார்களின் ராச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டர் என்றால் நடு உடலில் ஓட்டுநர் பக்கம் செங்குத்தாக அடித்த எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு, அடியில் உள்ள வெல் பிளக்குகளை எப்பாக்ஸி போட்டு அடைக்கச் சொல்லுங்கள். ராத்திரி நிறுத்தி காலையில் நெடுநேரம் கிராங்க் செய்தால்தான் பிடிக்கிறது என்றால் பல நேரம் காரணம் அந்தக் கசிவுதான். திராட்டில் ஷாஃப்ட்டை விரலால் ஆட்டிப் பாருங்கள், ஆடினால் புஷ் போட வேண்டும், கிட் மட்டும் மாற்றினால் ஐடில் சரியாகாது. ஃபோர்டின் ஆட்டோலைட் கார்புரேட்டரில் மேல்மூடி ஸ்க்ரூவில் தொங்கும் எண் அடித்த சின்ன அலுமினியத் தகட்டைக் கழற்றி நீங்களே வைத்துக்கொண்டு, பிறகு அனுப்புங்கள்.