முப்பத்திரண்டாம் நாள்

ஊரப்பாக்கத்தில் வாங்கிய அடுக்குமாடி வீடு ஒருவழியாகப் பதிவாகிவிட்டது. வங்கிக் கடன், மதிப்பீடு, வக்கீல் கருத்துரை எல்லாம் பதினைந்தே நாளில் முடிந்தன. மாட்டிக்கொண்டது சார்பதிவாளர் அலுவலகத்தில்தான்.

காலை பதினோரு மணி டோக்கன். மனைவி பட்டுப்புடவையில், என் கையில் ஒரு கிலோ மைசூர்பாகு. நிலத்துக்குச் சொந்தக்காரருக்கு எண்பது வயது. அவருக்குப் பதிலாகக் கையெழுத்திடப் பொது அதிகாரம் (பவர் ஆஃப் அட்டர்னி) பெற்ற கட்டுமான நிறுவனத்தார்தான் கையெழுத்திட வேண்டும். அப்படியென்றால் பெரியவர் உயிரோடு இருப்பதற்கு மருத்துவர் சான்று கேட்பார்கள். அது 30 நாளுக்குத்தான் செல்லும். எழுத்தர் விரல்விட்டு எண்ணினார். 32 நாள்! "பெரியவரையே போனில் பேசச் சொல்லட்டுமா, சார்?" என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். புதிய சான்று வர ஒன்பது நாள் ஆனது. மைசூர்பாகை வாடகை வீட்டுக்காரரிடம் கொடுத்தோம், காரணம் சொல்லாமல்.

அதிகார ஆவணத்தின் பேரில் வாங்குகிறவர்கள் அந்தச் சான்றை முதல் நாளே கையில் வாங்கித் தேதி பார்த்துவிடுங்கள். "எல்லாம் தயார் சார்" என்ற பேச்சை நம்பாதீர்கள். செலவையும் எடுத்து வையுங்கள்: முதல் விற்பனையில் நிலம், கட்டடம் இரண்டுக்கும் சேர்த்தே பதிவு. 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை முத்திரைத் தீர்வை 5 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். எங்கள் 58 லட்சத்துக்கு 4,06,000 ரூபாய், முழுவதும் எங்கள் சொந்தப் பணம்.

கூடுவாஞ்சேரியைத் தாண்டி அரை கிரவுண்டு (1,200 சதுர அடி) மனை வாங்கச் சொன்னார் அப்பா. நான் கேட்கவில்லை. அலுவலகத்தில் யார் வீடு வாங்கினாலும் முதலில் காட்டுவது நீச்சல் குளத்தைத்தான். எனக்கும் காட்ட ஒன்று வேண்டியிருந்தது. பத்திரத்தை வரிவரியாகப் படித்தபோதுதான் என் பங்கு நிலம் 460 சதுர அடி என்பது உறைத்தது. ஊரில் எங்கள் மாட்டுக்கொட்டகை அதைவிடப் பெரிது.

பால் காய்ச்சிய அன்று வாசல் காவலாளி அப்பாவை நிறுத்தி நோட்டில் எழுத வைத்துவிட்டார். பெயர், செல்போன் எண், வீட்டு எண். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'வேலை'. எதற்காக வந்தீர்கள் என்று கேட்கிறார்களாம். அப்பா அதில் எழுதியிருந்தது: விவசாயம்.