வக்கத்து மௌலவியும் தக்கலைக்காரியும்

செப்டம்பர் 9, 2025

கேரளத்து முஸ்லிம் சீர்திருத்தக்காரர் வக்கம் அப்துல் காதர் மௌலவியைப் பற்றிப் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். கிளப்பிவிட்டது மச்சான்தான். மீலாதை (நபி பிறந்த நாள்) ஒட்டி வீட்டில் மௌலூது (நபி புகழ்ப்பாடல்) ஓதியதற்கு, "இதையெல்லாம் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே வக்கத்து மௌலவி வேண்டாம்னுட்டார்" என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டுப் போனார். அந்த மௌலவி வேறு என்னவெல்லாம் சொன்னார் என்று கேட்டேன். அவருக்கும் அதற்கு மேல் தெரியவில்லை.

வாப்பா மலையாளத்தில் படித்தவர். 1956 நவம்பர் 1-இல் சென்னை மாநிலத்தோடு சேரும் வரை எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துப் பகுதி திருவிதாங்கூர்ப் பக்கம்தான். கல்குளம், விளவங்கோடு பக்கத்து வீடுகளில் இன்றும் பரணைத் துழாவினால் மலையாளப் புத்தகம் அகப்படும். எனக்கும் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். அது போதும்.

மௌலவி பிறந்தது 1873 டிசம்பர் 28, திருவனந்தபுரத்துக்கு வடக்கே கடலோரம் வக்கத்தில். வசதியான வியாபாரக் குடும்பம். தகப்பனார் ஆலிம்களையும் (மார்க்க அறிஞர்கள்) பண்டிதர்களையும் வீட்டுக்கே வரவழைத்துப் பாடம் சொல்லிக் கொடுக்க வைத்திருக்கிறார். அரபி, பாரசீகம், உருது, சமஸ்கிருதம், தமிழ் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. தமிழும் உண்டென்று வாசித்ததும் நம்ம ஆள் என்று தோன்றிவிட்டது. அன்றைக்கு வக்கத்துக்காரரும் தக்கலைக்காரரும் ஒரே மகாராஜாவின் குடிகள்தானே.

செப்டம்பர் 14

கேரளத்தில் அவர் பெயரைச் சொன்னால் பத்திரிகைதான் முதலில் வரும். 1905 ஜனவரியில் தொடங்கிய 'சுதேசாபிமானி'. கைப்பணம் போட்டு இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரம் வரவழைத்தார். அச்சுக்கூடத்தை வைத்த இடம் அஞ்சுதெங்கு. சுற்றிலும் திருவிதாங்கூர், நடுவில் அந்தத் துண்டு நிலம் மட்டும் ஆங்கிலேயர் கையில். மகாராஜாவின் தலைமை அமைச்சரான திவானைத் திட்டப்போகிறவர் திவானின் போலீஸ் நுழைய முடியாத இடத்தில் கடை விரித்திருக்கிறார்! யோசிக்காமல் செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்படியானால் 1907-இல் அச்சகத்தைத் திருவனந்தபுரத்துக்கு, அதுவும் திவானின் மூக்குக்குக் கீழேயே, எதற்குக் கொண்டுபோனார்கள் என்று இவங்க, என் வீட்டுக்காரர், கேட்கிறாங்க. தைரியம் கூடிவிட்டது, வேறென்ன.

1906-இல் ஆசிரியராக வந்தவர் நெய்யாற்றின்கரை ராமகிருஷ்ண பிள்ளை. முதலாளி முஸ்லிம் மௌலவி, ஆசிரியர் நாயர். என்ன எழுதலாம், என்ன எழுதக்கூடாது என்று மௌலவி ஒரு நாளும் கை வைக்கவில்லை. திவான் பி. ராஜகோபாலாச்சாரியைப் பிள்ளை கிழி கிழி என்று கிழித்தார்.

செப்டம்பர் 20

அஞ்சுதெங்கு போய்விட்டு வந்தோம். குழித்துறையில் ரயில் ஏறி, திருவனந்தபுரத்தில் மாறி, கடைக்காவூரில் இறங்கி ஆட்டோ. கோட்டை நான் நினைத்ததைவிடச் சின்னது. உள்ளே புல்தரை, மதிலேறிப் பார்த்தால் கடல். நம்ம உதயகிரிக் கோட்டையைப் பார்த்த கண்ணுக்கு இது ஒரு பெரிய வீட்டுக் காம்பவுண்டு. வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரிடம் சுதேசாபிமானி அச்சுக்கூடம் எங்கே இருந்தது என்று கேட்டேன். அவர் ஊசியை நிறுத்தாமலே, "பத்திரமோ? கவலையில் கிட்டும்" என்றார். முக்கில் பேப்பர் கிடைக்குமாம். இவங்க சிரித்த சிரிப்பு கடைக்காவூர் வரை ஓயவில்லை.

செப்டம்பர் 26

இன்று ஜும்ஆ. 1910-இல் இதே தேதியில்தான் மகாராஜாவின் உத்தரவு வந்தது. பத்திரிகைக்குத் தடை, அச்சகம் பறிமுதல், ராமகிருஷ்ண பிள்ளை நாடுகடத்தல். அவரைப் போலீஸ் காவலில் கொண்டுபோய் விட்டது திருநெல்வேலியில். திருவனந்தபுரத்திலிருந்து திருநெல்வேலிக்கு ரோடு என்றால் நெய்யாற்றின்கரை, குழித்துறை, தக்கலை, நாகர்கோவில், அப்புறம் ஆரல்வாய்மொழிக் கணவாய். சொந்த ஊரைத் தாண்டி, எங்கள் ஊரையும் தாண்டிப் போயிருக்கிறார் மனுஷன். அதன் பிறகு திருவிதாங்கூருக்குத் திரும்பவே இல்லை. 1916-இல் கண்ணூரில் இறந்தார். இடையில் 1912-இல் கார்ல் மார்க்ஸைப் பற்றி மலையாளத்தில் ஒரு புத்தகம் எழுதினார்.

மன்னிப்புக் கேட்டால் அச்சகம் திரும்பக் கிடைக்கும் என்று மௌலவிக்குச் சிலர் புத்தி சொன்னார்களாம். ஆசிரியர் இல்லாமல் எனக்கு அச்சுக்கூடம் எதற்கு என்று அவர் கேட்டதாகச் சொல்வார்கள். அவர் உயிரோடு இருந்தவரை அச்சகம் திரும்பவில்லை. கேரள மாநிலம் உருவான பிறகுதான் அரசு அதைக் குடும்பத்தாரிடம் ஒப்படைத்தது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஒன்றை மட்டும் விழுங்கிவிடுகிறார்கள். அதே 1910-இல், ஒடுக்கப்பட்ட சாதியான புலையர் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார வைப்பதை எதிர்த்து ராமகிருஷ்ண பிள்ளை எழுதினார். குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவது போலாகும் என்றார். பள்ளிக்கூட வாசலைத் திறக்கச் சொல்லிப் புலையர் தலைவர் அய்யன்காளி போராடிக்கொண்டிருந்த சமயம் அது. முதலாளி தலையிடவே இல்லை என்று மௌலவியை மெச்சுகிறோமே, அந்தக் கட்டுரை அச்சேறியதும் அதே தலையிடாமையால்தான். இதைச் சேர்த்துச் சொல்லாமல் அதை மட்டும் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

அக்டோபர் 4

பாக்தாது ஞானி முகைதீன் ஆண்டகை பேரில் வீட்டில் ஃபாத்திஹா ஓதினோம். நெய்ச்சோறும் இறைச்சியும். மௌலவிக்கு வைத்த பெயரும் அந்த ஆண்டகையின் பெயர்தான், அப்துல் காதர். ஆண்டகை பெயரைத் தாங்கியவரே அவுலியாக்களிடம் (இறைநேசர்கள்) கையேந்தக் கூடாது என்று எழுதினார்.

அவரைச் சொந்த சமுதாயம் திட்டியதெல்லாம் இந்தப் பக்கத்துக் கதை. கெய்ரோவிலிருந்து சீர்திருத்த அறிஞர் ரஷீத் ரிளா நடத்திய 'அல் மனார்' பத்திரிகையை வரவழைத்துப் படித்து அதில் ஊறிப்போனவர் மௌலவி. குர்ஆனை நீயே பொருளறிந்து வாசி, அறிவைப் பயன்படுத்து, முன்னோர் செய்தார்கள் என்பதற்காகச் செய்யாதே என்பதுதான் அவர் பேச்சு. 1906-இல் 'முஸ்லிம்', 1918-இல் 'அல் இஸ்லாம்', 1931-இல் 'தீபிகா' என்று கையைச் சுட்டுக்கொண்டே பத்திரிகை நடத்தினார். இதில் 'அல் இஸ்லாம்'தான் பெரிய வம்பு. நம் பெரியவர்கள் தமிழை அரபி எழுத்தில் எழுதினார்களே, அதுபோல மலையாளத்தை அரபி எழுத்தில் அச்சடித்தார். மலையாள எழுத்துத் தெரியாத மாப்பிள்ளைமார் (கேரள முஸ்லிம்கள்) வீடுகளுக்கும் பெண்களுக்கும் போய்ச் சேரவேண்டும் என்று. நேர்ச்சையையும் (தர்கா நேர்த்திக்கடன்) உரூஸையும் (தர்கா விழா) கண்டித்து எழுதியதும், அதைப் படிப்பதே பாவம் என்று ஃபத்வா, அதாவது மார்க்கத் தீர்ப்பு, வந்தது. ஐந்து இதழோடு நின்றது.

இதை மாமியிடம் சொன்னேன். சோற்றுச் சட்டியை இறக்கிக்கொண்டே கேட்டார்: "மோளே, அவரு நல்லவருதான். ஆனா நேர்ச்சைச் சோறு என்ன பாவம் செஞ்சுது?"

என் பதிலும் பாதி அதுதான். தக்கலையில் சூஃபிப் புலவர் பீர் முகம்மது அப்பா தர்காவில் விடிய விடிய அவர் பாடல்களை ஓதுகிற இரவில் போய் உட்கார்ந்தவளுக்கு, அதை வழிகேடு என்று சொல்ல வாய் வராது. மௌலவி நேரில் வந்தாலும் இந்த விஷயத்தில் நான் மல்லுக்கட்டுவேன். ஆனால் தர்கா உண்டியலுக்குக் கணக்கு எங்கே, நோய்க்கு டாக்டரிடம் போகாமல் தகடு எதற்கு என்று அவர் வழியில் யாராவது கேட்டால் என்னிடம் பதில் கிடையாது.

அக்டோபர் 7

மச்சான் வந்திருந்தார். படித்ததையெல்லாம் கொட்டினேன். நேர்ச்சைப் பகுதிக்குத் தலையாட்டினார். பெண் படிப்புப் பகுதி வந்ததும், "அது அந்தக் காலத்துக்குச் சரி" என்றார். மூத்தவளைப் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தலாமா என்று வீட்டில் பேச்சு நடப்பது எனக்குத் தெரியாதா?

பெண் படிக்காமல் இந்தச் சமுதாயம் எழுந்திருக்காது என்று மௌலவி திரும்பத் திரும்ப எழுதினார். திருவிதாங்கூர் அரசுப் பள்ளிகளில் அரபி கற்பிக்க வைத்ததில் அவர் முயற்சி பெரிது. பள்ளிக்கூடத்தில் அரபி உண்டென்றால் தயங்குகிற வாப்பாமார்கள் பிள்ளையை அனுப்புவார்கள். அரபிக்காக வருகிற பிள்ளை கணக்கும் மலையாளமும் படித்துவிடும். கெட்டிக்காரத்தனமான வேலை.

அக்டோபர் 12

1922-இல் கொடுங்கல்லூரில் முஸ்லிம் ஐக்கிய சங்கம் உருவானபோது பின்னால் நின்றவர்களில் மௌலவியும் ஒருவர். அதற்கு எதிர்ப்பாக ஆலிம்கள் 1926-இல் கோழிக்கோட்டில் சமஸ்தா என்ற தங்கள் அமைப்பைத் தொடங்கினார்கள். கேரளத்து முஜாஹித் (சீர்திருத்தக்காரர்), சுன்னி (மரபுக்காரர்) சண்டைக்கு வேர் அங்கேதான். மௌலவி 1932 அக்டோபர் 31-இல் காலமானார். பரம்பரைச் சொத்தில் பெரும்பங்கு பத்திரிகைகளில் கரைந்திருந்தது.

மகளிர் மதரசாவில் இந்த மாதக் கடைசியில் அவரைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். "நேர்ச்சை, தர்கா சமாச்சாரம் மட்டும் வேண்டாம் டீச்சர்" என்று பொறுப்பாளர் போனில் சொன்னார். மச்சானோ அதை மட்டும் பேசச் சொல்கிறார். இரண்டு பேரிடமும் சரி என்றேன். பிள்ளைகளிடம் ஃபத்வாவில் தொடங்குவதாக இருக்கிறேன். வாசிக்காதே என்று சொன்ன பத்திரிகையில் அப்படி என்னதான் எழுதியிருந்தது என்று அவர்களே கேட்பார்கள். மச்சான் மகளையும் அனுப்பி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.