துவாயும் கைக்குட்டையும்

சங்க மலருக்கு ஏதாவது எழுது என்று செயலாளர் மூன்று தரம் ஃபோன் எடுத்துவிட்டார். எனக்கு ஞாபகம் வந்தது போர்டிங்கில் நான் ஒளித்து வைத்திருந்த ட்ரான்சிஸ்டர்தான். விளக்கணைத்ததும் அதைத் துவாயில் சுற்றித் தலையணைக்குக் கீழே வைத்து, ஒரு காதை அழுத்திக்கொண்டு பாட்டுக் கேட்பேன். ஒருநாள் துவாய் நழுவிவிட்டது. வாசலில் மாஸ்டர். அதோடு இரண்டு தவணைக்கு ரேடியோவைக் கண்ணால் காணவில்லை.

இதை இப்போது கிளறக் காரணம், லண்டன் கொவென்ட் கார்டனில் கிங் ஸ்ட்ரீட் 31ஆம் இலக்கத்தில் பார்த்த ஒரு நீலத் தகடு. தோமஸ் ஆர்ன் என்ற இசையமைப்பாளர் இருந்த வீடு அது. வீட்டில் வந்து அவரைப் பற்றித் தேடி வாசித்தால், ஆள் நம்ம கட்சி! 1710இல் பிறந்தவர், தகப்பன் மெத்தை, கதிரைகளுக்கு உறை தைத்து விற்ற வசதியான வியாபாரி. மகனை ஈட்டன் பள்ளியில் படிக்கவைத்து, அப்புறம் ஒரு சட்டத்தரணியிடம் வேலை பழக விட்டார். பையனோ ஈட்டனில் வெடித்த புல்லாங்குழல் ஒன்றை இரவு பகலாக ஊதிக் கூடப் படித்தவர்களின் உயிரை எடுத்தானாம். பிறகு ஸ்பினெட் என்ற சின்ன வாத்தியத்தை, பியானோவுக்கு மூத்த உறவு என்று வையுங்கள், களவாக அறைக்குள் கொண்டுபோய், தந்திகளின் மேல் கைக்குட்டையைப் போட்டுச் சத்தத்தை அடக்கி, வீடு உறங்கியபின் பழகியிருக்கிறான். வேலைக்காரச் சீருடையை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு, அவர்களுக்கென்று விட்ட மாடியில் ஏறி ஒபேரா என்கிற இசைநாடகமும் பார்த்தான். கடைசியில் தகப்பன் ஒரு கனவான் வீட்டுக்குப் போக, அங்கே கச்சேரியில் முதல் வயலின் பிடித்திருந்தது மகன்! பின்னாளில் ஆர்னிடம் வேலை பழகிய சார்ல்ஸ் பேர்னி எழுதிவைத்த கதை இது.

தகப்பன் வழிக்கு வந்தார். தங்கை சுசானாவுக்குப் பாடக் கற்றுக்கொடுத்து, 1733இல் தன் முதல் ஒபேரா ‘ரோசமண்ட்’டில் அவளையே மேடையேற்றினார் ஆர்ன். இசையமைப்பாளர் ஹாண்டெலின் ‘மெசாயா’ 1742இல் டப்ளினில் அரங்கேறியபோது பாடியவர்களில் அந்தச் சுசானாவும் ஒருவர். ட்ரூரி லேன் தியேட்டரில் ‘கோமஸ்’ நாடகம், ஷேக்ஸ்பியர் நாடகங்களுக்குப் பாட்டுகள் என்று அண்ணனுக்கு வேலை ஓயவில்லை. 1740 ஆகஸ்ட் 1இல் கிளிவ்டன் மாளிகையில் இளவரசர் பிரெடெரிக் முன் நடந்த ‘ஆல்ஃபிரட்’ நாடகத்தில் வந்ததுதான் ‘ரூல் பிரிட்டானியா’, லண்டன் புரொம்ஸ் இசைவிழாவின் கடைசி இரவில் கொடி ஆட்டிக்கொண்டு பாடுவார்களே, அதே பாட்டு. மனைவி சிசிலியாவும் நல்ல பாடகி. அவரைப் பல வருடம் கைவிட்டிருந்தார், அந்த விஷயத்தில் மனிதருக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

எனக்குப் பிடித்தது 1762இல் வந்த ‘அர்தசெர்க்சஸ்’. ஒரு சொல்லும் பேச்சில்லாமல் முழுக்க ஆங்கிலத்தில் பாடிய ஒபேரா. அடுத்த வருடம் அது நடந்துகொண்டிருந்த கொவென்ட் கார்டன் தியேட்டரில், பாதியில் வருகிறவர்களுக்கு அரை டிக்கெட் தரமாட்டோம் என்றதற்குச் சனம் உள்ளே எல்லாவற்றையும் உடைத்துத் தள்ளியது. 1778இல் ஆர்ன் போனார். 1808இல் அந்தத் தியேட்டர் எரிந்தபோது அந்த ஒபேராவின் முழுக் கையெழுத்துப் பிரதியும் போயிற்று. அச்சில் வந்திருந்த பாட்டுகள் தப்பின. அவற்றுக்கு இடையே வருகிற, வசனம்போலப் பாடும் பகுதிகளும் கடைசிக் கோரசும் இல்லை.

என் ரேடியோவை மாஸ்டர் மறக்காமல் திருப்பித் தந்தார். உள்ளே பெட்டறி கசிந்து பச்சையாகப் பூத்திருந்தது.