டிரெய்லர் ஆடத் தொடங்கும்போது

வயோமிங் மாநிலத்தில் லாரமிக்கும் ராலின்ஸுக்கும் இடையே, எல்க் மலையை ஒட்டிச் செல்லும் இன்டர்ஸ்டேட் 80 நெடுஞ்சாலை காற்றுக்குப் பெயர்போனது. சென்ற கோடையில் நானும் மனைவியும் பிக்கப் வண்டியின் பின்னால் டிரெய்லரை இழுத்துக்கொண்டு நெப்ராஸ்காவின் நார்த் பிளாட்டிலிருந்து காலையில் கிளம்பி, பெட்ரோலுக்காக ஒரே ஒரு முறை நின்று, ஐந்தாவது மணி நேரமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பெரிய சரக்கு லாரி எங்களை முந்தியது. அதன் மறைவில் சற்றே அடங்கியிருந்த காற்று, லாரி விலகியதும் பக்கவாட்டில் அறைய, டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கி, இரண்டாவது ஆட்டத்திலேயே எங்கள் பிக்கப்பின் பின்பகுதியையும் சேர்த்து அசைத்தது.

என் கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. செய்யக் கூடாதது அதுதான்: முன்வண்டி வேகம் குறையும்போது பின்னால் வரும் 6,000 பவுண்டு எடை அதைத் தள்ளி, ஆட்டத்தைப் பெரிதாக்கிவிடும். “பிரேக்கை விடுங்க, லீவரை அழுத்துங்க!” என்று மனைவி கத்தினார். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி காலை எடுத்து, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் இயக்கும் லீவரைக் கையால் அழுத்தியதும், டிரெய்லர் எங்களைப் பின்னுக்கு இழுத்து, மெல்ல நேரானது. இந்த வழிமுறை எனக்கு முன்பே நன்றாகத் தெரியும். ஆனால் களைத்த மூளை கற்றதை விட்டுவிட்டுப் பழக்கத்தையே பிடித்துக்கொள்கிறது.

மறுநாள் லாரி நிறுத்தத்தின் எடைமேடையில் பார்த்தபோது, பிக்கப்பையும் டிரெய்லரையும் இணைக்கும் கொக்கியான ஹிட்ச்சில் இறங்கிய எடை 480 பவுண்டுதான். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 விழுக்காடு, அதாவது எங்களுக்குக் குறைந்தது 600 பவுண்டு, அங்கே இறங்க வேண்டும். பின் பம்பரில் மாட்டிய இரண்டு சைக்கிள்களும், அச்சுக்குப் பின்னால் இருந்த நிறைந்த தண்ணீர்த் தொட்டியும் முன்பக்கத்தைத் தூக்கிவிட்டிருந்தன. சைக்கிள்களைப் பிக்கப்புக்கு மாற்றினோம். தொட்டியைக் காலி செய்தோம்.

டிரெய்லர் டயர்கள் பலவற்றுக்கு மணிக்கு 65 மைல்தான் வேக வரம்பு என்பதால், நான் 60ஐத் தாண்டுவதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, களைப்பு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், நிறுத்தி இறங்குகிறோம். ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பார்க்கிறேன். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் பேரிங்கோ பிரேக்கோ பழுதாகியிருக்கலாம். பாதுகாப்புச் சங்கிலிகள் ஹிட்ச்சுக்கு அடியில் குறுக்காக மாட்டியிருக்கின்றனவா என்று மனைவி பார்க்கிறார். ஹிட்ச் கழன்றாலும் டிரெய்லரின் முனை அந்தச் சங்கிலிகளின் மேல்தான் விழும், தார்ச்சாலையில் குத்தாது. பிறகு மெதுவாக நகரும்போதே லீவரை ஒருமுறை அழுத்தி, டிரெய்லர் பின்னுக்கு இழுப்பதை உடம்பில் உணர்ந்த பிறகே நெடுஞ்சாலையில் ஏறுகிறேன்.